ராத்தாவின் கிரியேட்டினின்

எங்கள் பக்கத்தில், கற்பிட்டி வீதியோரம், இரண்டு பேர் சந்தித்தால் முதலில் சலாம், பிறகு மழை, பிறகு வெங்காய விலை. சில வருடங்களாக நாலாவதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது: "கிரியேட்டினின் எவ்வளவு?" கேட்கிறவருக்கு அந்தச் சொல் ஒழுங்காக வாயில் வராது. பதில் சொல்கிறவருக்கும் வராது. ஆனால் எண்ணை மட்டும் புள்ளிக்குப் பின்னால் இருப்பது வரைக்கும் பிசகாமல் சொல்லிக்கொள்வார்கள். இந்தக் கேள்வியை ஊருக்குள் கொண்டுவந்தது நான்தான் என்று என் மனைவி சொல்வாள். அது முழு உண்மை இல்லை. நான் வருத்தத்தை, அந்த நோயைத்தான் கொண்டுவந்தேன். கேள்வியைப் பரப்பியது என் அக்கா, எங்கள் பேச்சில் ராத்தா.

நான் தண்ணீர் மோட்டர் திருத்துகிறவன். எங்கள் குடாநாடு முழுக்க மணல். அந்த மணலில் வெங்காயமும் மிளகாயும் பீட்ரூட்டும் விளைகிறதென்றால் அதற்குக் கிணறும் மோட்டரும்தான் காரணம். மோட்டர் நின்றால் பாத்தி இரண்டு நாளில் வாடிவிடும், ஆகவே என் கடையில் கூட்டம் குறைந்ததில்லை. யுத்தம் முடிந்த பிறகு வடக்கிலிருந்து வந்து குடியிருந்தவர்களில் கொஞ்சப் பேர் திரும்பிப் போனார்கள், கொஞ்சப் பேர் இங்கேயே தங்கிவிட்டார்கள். யார் போனாலும் யார் இருந்தாலும் மோட்டர் பழுதாகாமல் இருக்கவில்லை. ஊரார் மோட்டருக்குள் மண் அடைத்திருப்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. என் உடம்புக்குள் இருந்த வடிகட்டி இரண்டும் அடைபட்டுக்கொண்டு வந்த சத்தம் மட்டும் எனக்குக் கேட்கவில்லை.

பிரஷர் இருக்கிறது, குளுசை போடு என்று எப்போதோ சொன்னார்கள். போட்டேன். தலைச்சுற்று நின்றதும் விட்டுவிட்டேன். பிறகு சிறுநீரில் நுரை வந்தது. யாரோ கழிப்பறையில் சவர்க்காரத்தைக் கரைத்துவிட்டார்கள் என்று வீட்டில் சத்தம் போட்டேன். உடம்பில் நிற்க வேண்டிய புரதம் வடிகட்டியின் ஓட்டையால் வெளியே போகிறது, அதுதான் நுரை என்று பிறகு டொக்டர் சொன்னார். நுரை வந்த அன்றைக்கே வந்திருந்தால் மிச்சம் பிடித்திருக்கலாம் என்றும் சொன்னார். நான் வந்ததோ கால் வீங்கி, செருப்புக்குள் பாதம் நுழையாமல் போன பிறகு. அப்போது, ஒன்றுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய என் கிரியேட்டினின் ஒன்பதைத் தாண்டியிருந்தது.

அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். டொக்டர் பொறுமைசாலி. தசை வேலை செய்யும்போது ஒரு கழிவு உண்டாகிறது, அதைக் கிட்னி ஒவ்வொரு நாளும் வெளியே தள்ளுகிறது, தள்ள முடியாதபோது அது இரத்தத்தில் தேங்குகிறது என்று விளக்கினார். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. மண்ணுக்கடியில் போகும் குழாய்க்குள் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. மேலே தொட்டியில் எவ்வளவு தேங்கி நிற்கிறது என்பதை வைத்துக் குழாயின் நிலைமையைச் சொல்லலாம். அப்படியென்றால் என் குழாய் அடைத்தே விட்டது.

அதற்குப் பிறகு கிழமையில் பாதி நாட்கள் சிலாபத்துக்குப் பஸ் ஏறினேன். இயந்திரத்தில் இரத்தம் கழுவிக்கொண்டு வருவேன். போகும்போது மூச்சு முட்டும், வரும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பேன். என் கோபம் ஊருக்குத் தெரிந்தது. அந்தக் கோபம்கூட வராத அளவுக்குக் களைத்துப்போனதைப் பார்த்துத்தான் வீட்டில் பயந்தார்கள். கிட்னி மாற்றினால் நல்லது, சொந்தத்தில் யாராவது இருக்கிறார்களா என்று டொக்டர் கேட்டார். மனைவியின் இரத்த வகை பொருந்தவில்லை. பிள்ளைகள் சின்னவர்கள். கூடப் பிறந்தது ராத்தா ஒருத்திதான்.

ராத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாப்பா மௌத்தான பிறகு தென்னந்தோட்டத்தைப் பிரித்தபோது, மார்க்கம் சொன்னபடி, மகனான எனக்கு இரண்டு பங்கு, மகளான அவளுக்கு ஒரு பங்கு வந்தது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் பங்கில் தென்னைகளுக்கு நடுவே கிணறு வெட்டி வெங்காயம் போட்டாள். என் இரண்டு பங்கிலும் இன்றைக்கு வரைக்கும் தேங்காய்தான் விழுகிறது. உர மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் நடப்பாள். லொறிக்காரர்களோடு சிங்களத்தில் பேரம் பேசி அவர்களைக் களைக்கச் செய்வாள். களப்பில் மீன் பிடிக்கும் மச்சான் அதிகம் பேசாத மனிதர். ராத்தாவைக் கல்யாணம் முடித்த பிறகு அவருக்குப் பேச வேண்டிய தேவை இல்லாமல் போயிருக்கலாம்.

ஒரு நாள் முற்பகல் கடைக்கு வந்தாள். கையில் வெங்காய மணம், முக்காட்டின் நுனியில் மணல். நான் கதிரையில் சாய்ந்து கிடந்தேன். நின்றபடியே சொன்னாள்:

"என்ட ரத்தம் ஒன்டதோட சேருதாம். பாத்துட்டுத்தான் வாறேன். ஒண்டைத் தாறேன்."

எனக்கு இல்லாத கோபம் எல்லாம் அன்றைக்குத் திரும்பி வந்தது. யாரைக் கேட்டுக்கொண்டு போனீங்க, உங்களுக்கு ஏதாவது ஆனால் மச்சானுக்கு நான் என்ன பதில் சொல்வது, என்னை நிம்மதியாகச் சாகவும் விடமாட்டீங்களா என்று கத்தினேன். வீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ராத்தா ஒரு பழைய மோட்டரின் மேல் உட்கார்ந்து முக்காட்டை உதறிப் போட்டுக்கொண்டாள்.

"நீ கத்தி முடி. நான் இருக்கேன்."

முடித்தேன். முடியத்தானே வேண்டும், மூச்சு இல்லை. பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேட்டுவிட்டாளாம், உயிர் காக்கக் கொடுப்பது ஆகும் என்று சொன்னாராம். மச்சானிடமும் சொல்லிவிட்டாளாம். கேட்டேன் என்று சொல்லவில்லை, சொன்னேன் என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு வாழ ஆசையாக இருந்தது. அந்த ஆசையை அவள் என் கத்தலுக்குள்ளேயே கேட்டிருப்பாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கொடுக்கிறவருக்கு வைக்கும் சோதனை வாங்குகிறவருக்கு வைப்பதைவிடக் கடுமையானது. ஒன்றை எடுத்த பிறகு மிச்சம் ஒன்று இரண்டின் வேலையையும் பார்க்க வேண்டும், ஆகவே அவருடைய கிட்னி வெறுமனே நல்லதாக இருந்தால் போதாது, மிக நல்லதாக இருக்க வேண்டும் என்று கொழும்பில் சொன்னார்கள். ராத்தாவின் நெஞ்சைப் பார்த்தார்கள், சீனியைப் பார்த்தார்கள், சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்தார்கள். போகவில்லை. இனி முக்கியமான இரத்தச் சோதனை. அதற்குக் கிடைத்த நாள் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு வந்தது.

பெருநாளன்று அறுக்கும் குர்பான் இறைச்சியில் சொந்தத்துக்கும் அயலுக்கும் பங்கு போக வேண்டும். ஒவ்வொரு வருடமும் போகிற பங்கு அந்த வருடம் வேறு கணக்கில் போனது. "கிட்னி குடுக்கப் போற மனுசி" என்று எல்லா வீட்டிலிருந்தும் ராத்தாவுக்கென்று தனியாக எடுத்து வைத்தார்கள். ஈரல் ஒரு வீட்டிலிருந்து, நெஞ்செலும்பு இன்னொரு வீட்டிலிருந்து, எலும்பு வேகவைத்த சாறு மூடி போட்ட பாத்திரத்தில் மற்றொரு வீட்டிலிருந்து. ஃபிரிஜ் நிரம்பிக் கதவு மூட மறுத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட பக்கத்து வீட்டு அக்கா தன் பங்குக்கு ஆட்டிறைச்சிப் பிரட்டல் அனுப்பினார். இரத்தம் எடுக்கப் போகிறார்கள், உறுப்பு எடுக்கப் போகிறார்கள், உடம்பு முன்கூட்டியே தேறி நிற்க வேண்டும் என்பதில் ஊர் முழுக்க ஒரே கருத்து. வந்ததைச் சாப்பிடாமல் விட்டால் அனுப்பினவர்களின் மனம் நோகும். ராத்தா ஒருத்தர் மனதையும் நோகவிடவில்லை.

கொழும்புக்குப் புறப்பட்ட அன்று விடியப்புறத்திலும் இறைச்சியும் ரொட்டியும்தான். மிச்சத்தைப் பார்சல் கட்டிக்கொண்டு வந்தாள். சிலாபம் தாண்டியதும் பஸ்ஸுக்குள்ளேயே பிரித்தோம். எனக்குக் கொஞ்சம்தான் அனுமதி, அவள்தான் சாப்பிட்டாள். ஆனால் தண்ணீர் ஒரு மிடறு குடிக்கவில்லை. அது எங்கள் பெண்களின் வழக்கம். தூரப் பயணம் என்றால் எழும்பியதிலிருந்து இறங்கும் வரைக்கும் தொண்டையை நனைக்கமாட்டார்கள். நடுவழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி எப்படிக் கேட்பது, எங்கே போவது? இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. எல்லாப் பெண்களுக்கும் தெரியும், எந்த ஆணுக்கும் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். பின்னேரம் ரிப்போர்ட் கையில் வந்தது. அதற்குள் எனக்கு அந்தத் துண்டுகளைப் படிக்கத் தெரிந்திருந்தது, அதுதான் வினை. கிரியேட்டினின் ஒன்று புள்ளி மூன்று. என் ஒன்பதோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அவள் வயதில் ஒரு பெண்ணுக்கு அது கூடுதல். கிட்னி எவ்வளவு வடிக்கிறது என்று அந்த எண்ணை வைத்துப் போடும் கணக்கு அதற்குக் கீழே இருந்தது. அதுவும் குறைவாகவே இருந்தது. கிளினிக்கில் இருந்த இளம் டொக்டர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த எண்ணை வைத்து இப்போதைக்கு எடுக்க முடியாது, அடுத்த கிளினிக்குக்கு வாருங்கள், பெரிய டொக்டர் பார்க்கட்டும் என்றார். நல்ல மனிதர், சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்க அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

திரும்பி வந்த பஸ்ஸில் ராத்தா யன்னலோரம் உட்கார்ந்தாள். நீர்கொழும்பு தாண்டும் வரைக்கும் ரிப்போர்ட்டை மடித்து விரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, எனக்கும் அந்த வருத்தம்தானா என்று மெதுவாகக் கேட்டாள். தெரியாது ராத்தா என்றேன். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று கேட்டாள்:

"அப்ப ஒனக்கு என்ன செய்றது?"

தனக்கு நோய் இருக்கலாம் என்று தெரிந்து இரண்டு மணித்தியாலம் ஆகவில்லை, அதற்குள் அவளுடைய கவலை என் பக்கம் வந்து சேர்ந்துவிட்டது. இப்படி ஒரு மனுசியோடு ஒரே வீட்டில் வளர்ந்தும் அவள் எவ்வளவு பெரியவள் என்று நான் அளந்து பார்த்ததில்லை.

ஊர் சும்மா இருக்குமா? குடும்ப வருத்தம் என்றார்கள். கிணற்றுத் தண்ணீர் என்றார்கள். வெங்காயத்துக்கு அடிக்கும் மருந்து என்றார்கள். இறைச்சி அனுப்பியவர்கள் முன்பைவிடக் கூடுதலாக அனுப்பினார்கள், பாவம் மனுசி என்று. ராத்தா அதையும் சாப்பிட்டுக்கொண்டு, முன்பைப் போலவே பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சினாள். ஆனால் என் கடைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள்.

சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே அவளுடைய தோட்டத்துக்குப் போனேன். கனத்த தண்ணீர்க் குழாயை மணலில் இழுத்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் குழாயைக் கீழே போட்டாள்.

"நீ கேக்கவே இல்ல. நானாத்தான் தாறேன்டு நிய்யத்து வெச்சேன். இப்ப தர ஏலாதாம். ஒன்ட மொகத்தப் பாக்க எனக்கு வெக்கமா இருக்கு."

மோட்டரைப் பார்க்க வந்தவன் மாதிரி அதன் பக்கத்தில் போய்க் குந்தினேன். எனக்குத் தரமுடியவில்லை என்று அவள் வெட்கப்படுகிறாள். கடலுக்கும் களப்புக்கும் நடுவில் இந்த மண்ணில் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல அங்கே யாரும் இல்லை. மோட்டரின் ஆணி ஒன்றை முறுக்கிவிட்டு எழும்பினேன்.

அடுத்த கிளினிக்கில் பெரிய டொக்டர் இருந்தார். தலை நரைத்த பெண்மணி, சிங்களவர், தமிழ் ஓரளவு வரும். ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன் ராத்தாவைப் பார்த்தார். கையைப் பிடித்து முழங்கைக்கு மேலே அழுத்திப் பார்த்துவிட்டு, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். ராத்தா சிங்களத்தில் கிணறு, உர மூட்டை, வெங்காயம் எல்லாவற்றையும் சொன்னாள். இரத்தம் கொடுத்த அன்றும் அதற்கு முதல் நாட்களிலும் என்ன சாப்பிட்டீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. அங்கேதான் ராத்தாவுக்குப் பழைய உசார் திரும்பியது. எந்த வீட்டு ஈரல், எந்த வீட்டு நெஞ்செலும்பு, எந்த வீட்டுச் சாறு என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், தண்ணீர் எவ்வளவு குடித்தீர்கள் என்றார். ராத்தா அவரை விநோதமாகப் பார்த்தாள். பஸ்ஸில் வரும்போது எப்படிக் குடிப்பது என்று திருப்பிக் கேட்டாள். அந்த அறையில் இருந்த ஆண்களில் யாருக்கும் அது விளங்கவில்லை, டொக்டருக்கும் அருகில் நின்ற நர்ஸ் மிஸ்ஸுக்கும் விளங்கியது.

பிறகு அவர் எனக்கும் சேர்த்து விளக்கினார். சமைத்த இறைச்சிக்குள்ளேயே இந்தக் கிரியேட்டினின் இருக்கிறது. அதிகமாகச் சாப்பிட்டால் அது நேரே இரத்தத்துக்கு வந்து எண்ணைக் கூட்டிக் காட்டும். உழைத்து இறுகிய உடம்பில் தசை கூட, தசை கூடினால் எண்ணும் கொஞ்சம் கூடும். தண்ணீர் வற்றிய உடம்பிலும் கூடும். உங்கள் ராத்தாவுக்கு மூன்றும் ஒன்றாக நடந்திருக்கிறது. கிட்னியும் பழுதாக இருக்கலாம், பெருநாளாகவும் இருக்கலாம், இந்த ஒரு எண் அதைப் பிரித்துச் சொல்லாது என்றார்.

பிரித்துச் சொல்லும் வேறு ஒரு சோதனை இருந்தது. சிஸ்டாட்டின் சி என்று பெயர். உடம்பில் உள்ள எல்லாக் கலங்களும், அதாவது செல்களும், ஒரே சீராக உண்டாக்கும் ஒரு சின்னப் புரதம் அது. தசை கூடவா குறைவா, நேற்று ஈரல் தின்றாயா பாண் தின்றாயா என்று அது கேட்பதில்லை. கிட்னி வடித்தால் குறையும், வடிக்காவிட்டால் தேங்கும். எல்லா இடத்திலும் செய்யமாட்டார்கள், நான் எழுதித் தருகிறேன், இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம் என்றார். அதுவரைக்கும் இறைச்சி வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம், தண்ணீர் குடியுங்கள் என்றார். ஒன்றை மட்டும் அவர் மறைக்கவில்லை. கிட்னி உண்மையில் பழுதென்றால் அந்தச் சோதனை அதையும் சொல்லிவிடும்.

ராத்தாவுக்குத் தண்ணீர் குடிப்பதும் பாரம் தூக்காமல் இருப்பதும் பெரிய காரியமில்லை. ஊரின் அன்பைத் திருப்பி அனுப்புவதுதான் பெரிய காரியம். அதை அவள் செய்த விதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்பு. வேண்டாம் என்று ஒரு வீட்டுக்கும் சொல்லவில்லை. தானே வீடு வீடாகப் போனாள். கிரியேட்டினின் என்றால் என்ன, இறைச்சி அதை எப்படிக் கூட்டிக் காட்டும் என்று டொக்டர் தனக்குச் சொன்னதை ஒவ்வொரு குசினியிலும் நின்று சொன்னாள். கடைசியில், எனக்கு வைத்த பங்கை ஃபிரிஜ்ஜில் வையுங்கள், ஒப்பரேசன் முடிந்து நானே வந்து கேட்டு வாங்கித் தின்பேன் என்றாள். ஒருத்தருக்கும் மனம் நோகவில்லை. வயதில் மூத்த பெண்கள்கூட அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டுப் புரட்டிப் பழகிக்கொண்டார்கள். எங்கள் வீதியில் அந்தக் கேள்வி பிறந்தது அப்போதுதான்.

அதற்குப் பிறகு இறைச்சிக்குப் பதிலாகப் பூசணியும் புடலங்காயும் வந்து குவிந்தன. காய்கறி விளையும் ஊரில், காய்கறி போட்டு விற்கும் ஒருத்தியின் வீட்டுக்குக் காய்கறி. ராத்தா தோட்டத்து ஓரத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, மச்சானுக்கு உத்தரவு போட்டாள். மனிதர் களப்புக்குப் போவதை விட்டுவிட்டுக் குழாயை இழுத்தார். களை பிடுங்க அயல் பெண்கள் மாறி மாறி வந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா தண்ணீர்ப் போத்தலோடு வந்து, "ஓம், இதையும் குடிச்சு முடியுங்கோ" என்று நின்று குடிக்க வைத்துவிட்டுத்தான் போவார். நான் வேலியில் சாய்ந்து நின்று பார்ப்பேன். என் ஒருவனுக்காக இத்தனை பேர் மெனக்கெடுகிறார்கள் என்று நினைக்கக் கூச்சமாகவும் இருந்தது, நெஞ்சு நிறைந்தும் இருந்தது.

மறு சோதனைக்குப் போன நாள்தான் எனக்கு மறக்காத நாள். ராத்தா பஸ்ஸில் ஏறுவதற்கு முன் கொண்டக்டரைக் கூப்பிட்டாள். அவர் முன்னாலேயே போத்தலைத் திறந்து மடமடவென்று குடித்தாள்.

"பாத்தீங்களா? டொக்டர் குடிக்கச் சொன்ன தண்ணி. நிப்பாட்டுங்கண்டு நான் சொன்னா நிப்பாட்டோணும்."

கொண்டக்டர் தலையை ஆட்டினார். வேறு வழி இருக்கவில்லை. பாலாவிச் சந்தி வந்ததும் ராத்தா எழும்பி நின்றாள். பஸ் நின்றது. அவள் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் ஒரு கிழவி இறங்கினார். பிறகு ஒரு கர்ப்பிணிப் பெண். பிறகு ஆசிரியை போல இருந்த ஒருத்தி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பஸ்ஸில் இருந்த பெண்கள் எல்லாரும் இறங்கிச் சந்திக் கடைக்குப் பின்பக்கம் போனார்கள். சீமெந்து லொறிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போக, நாங்கள் ஆண்கள் மட்டும் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். திரும்பி வந்து ஏறிய கிழவி ராத்தாவின் தலையைத் தொட்டு ஒரு துஆ ஓதினார். எதற்காக ராத்தா கொழும்பு போகிறாள் என்று அவருக்குத் தெரியாது.

ரிப்போர்ட் வரச் சில நாள் பிடித்தது. அந்த நாட்களில் நான் யார் மீதும் கோபப்படவில்லை, பயமாக இருந்தது. எனக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்ற பயம் ஒரு பக்கம். ராத்தாவுக்கும் நோய் என்று வந்துவிட்டால் என்ற பயம் அதைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தது. அவளுக்கு ஒன்றும் இல்லை என்று மட்டும் வந்தால் போதும், எனக்கு இயந்திரமே இருக்கட்டும் என்று தொழுகையில் கேட்டேன். உண்மையாகத்தான் கேட்டேன்.

பெரிய டொக்டர் இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கிரியேட்டினின் ஒன்றுக்குக் கீழே இறங்கியிருந்தது. சிஸ்டாட்டின் சி நன்றாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் போட்ட கணக்கும் நன்றாக இருந்தது. இன்னும் உறுதிக்கு ஒரு ஸ்கான் எடுப்போம், ஆனால் எனக்குச் சந்தேகம் இல்லை, இந்த அம்மாவின் கிட்னி அம்மாவைவிட இளமையாக இருக்கிறது என்று தமிழில் சொன்னார். ராத்தா "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். பிறகு முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. உம்மாவின் மௌத்தில்கூட அவள் அழுததை நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன், மறைக்க எனக்கு முக்காடு இல்லை.

ஸ்கானும் அதையே சொன்னது. ஒப்பரேசன் நடந்தது. அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம், தூங்கிக்கொண்டுதானே இருந்தேன். கண் விழித்தபோது பக்கத்தில் தொங்கிய பையில் சிறுநீர் நிறைந்துகொண்டிருந்தது. வற்றிப்போய்க் கிடந்தவன் நான். ஒரு மோட்டர் முதல் தடவையாகத் தண்ணீர் எடுத்துத் தருவதைப் பார்த்த மாதிரி அந்தப் பையையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒவ்வொரு காலையும் என் எண் இறங்கியது. வேறு வார்டில் இருந்த ராத்தா, வருகிற போகிற மிஸ்மாரை எல்லாம் மறித்துத் தம்பியின் எண் எவ்வளவு என்று கேட்பாளாம். தன்னுடையதை ஒரு நாளும் கேட்கவில்லையாம்.

அவளுடையது ஏறியிருந்தது. எனக்கு அதைக் கேட்டதும் பழைய கோபம் வந்து, கிளினிக்கில் இருந்த அந்த இளம் டொக்டரிடமே சத்தம் போட்டேன். அவர் சிரித்தார். இரண்டு செய்த வேலையை ஒன்று செய்கிறது, கொஞ்சம் ஏறத்தான் செய்யும், மிச்சமுள்ள ஒன்று பழகிக்கொண்டு கொஞ்சம் பெரிதாகும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஊருக்கு வந்து உடம்பு தேறிய பிறகு ராத்தா சொன்னபடியே வீடு வீடாகப் போய்த் தன் பங்கைக் கேட்டாள். பழைய இறைச்சி எங்கே இருக்கிறது, எல்லாரும் புதிதாக வாங்கிச் சமைத்துக் கொடுத்தார்கள். டொக்டர் சொன்ன அளவுக்கு மேல் அவள் ஒரு துண்டும் தொடவில்லை.

ஒப்பரேசனுக்கு அடுத்த வருடம் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் கிளினிக் வந்தது. ஒன்றாகப் போய் ஒன்றாக இரத்தம் கொடுத்தோம். திரும்பி வரும் பஸ்ஸில் யன்னலோரம் அவள், பக்கத்தில் நான். துண்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே எண். ஒன்று புள்ளி ஒன்று. எது என்னுடையது, எது அவளுடையது என்று பெயரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். ராத்தா இரண்டையும் வாங்கி மடியில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டாள். புத்தளம் வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தாள். உப்பளம் தெரியத் தொடங்கியதும் அவற்றை மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

"வாப்பாட தோட்டத்துல ஒனக்கு ரெண்டு பங்கு, எனக்கு ஒண்டு. இதுலதான்டா ஆளுக்கு ஒண்டு."

அவள் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து, மூடியைத் திறந்து என் கையில் தந்தாள். குடித்தேன்.